தலைவலி மாத்திரையைக் கூட்டினால் மாலைப் பசி அடங்குமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்குக் கோவையில் வேலை, சனிக்கிழமை மேலே வந்து திங்கள் காலை இறங்கிவிடுவார். வீட்டில் மாமியாரும் இரண்டு குழந்தைகளும். ஒற்றைத் தலைவலிக்காகப் பதினான்கு மாதமாக இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறார். இந்தக் காலத்தில் எடை 61 கிலோவிலிருந்து 68 ஆகியிருக்கிறது.

எடையை விட அவரை வதைப்பது மாலை நேரம். வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலை முடிந்து வந்ததும், குழந்தைகள் டியூஷனிலிருந்து திரும்புவதற்குள், அடுப்படியில் நின்றபடியே சாப்பிடத் தொடங்குகிறார். கால் கிலோ வர்க்கி, மதியம் மிஞ்சிய சோறு பானையிலிருந்தே கையால் அள்ளி, அதற்கு மேல் குழந்தைகளின் சத்துமாவு கரண்டி கரண்டியாக. "விளக்குக்கூடப் போடுவதில்லை. ஸ்வெட்டரில் ஒட்டிய வர்க்கித் தூளைத் தட்டிவிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகுதான் விளக்கைப் போடுவேன்" என்று எழுதியிருக்கிறார். மறுநாள் காலை உணவு கிடையாது. வெள்ளிக்கிழமை முழு விரதம். அது சாமிக்காகத் தொடங்கியது, இப்போது எடைக்காகத் தொடர்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இரண்டு முறை விரலை விட்டு வாந்தி எடுத்ததுண்டு. மாதம் இரண்டு தடவை பேதி மாத்திரை.

அண்மையில் கைபேசியில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டிருக்கிறது. "ட்ரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மாத்திரைகளால் இந்த வெறிச்சாப்பாடு 91 சதவீதம் குறைந்தது" என்று அதில் இருந்ததாம். தன்னிடம் இருக்கும் அமிட்ரிப்டிலினும் அதே வகை என்று தெரிந்ததும் ஒரு யோசனை. மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டினால் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே 10 மில்லிகிராமைத் தானே 75 ஆகக் கூட்டிக்கொள்ளலாமா? மனநல மருத்துவரிடம் போனால் தொழிற்சாலைக்குத் தெரிந்துவிடுமா? "நாக்கைக் கட்டத் தெரியாதவளுக்கு மருந்து எதற்கு" என்று நாத்தனார் சொல்வது சரியா? அவர் கேட்பது இவைதாம்.

அன்புச் சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: கூட்ட வேண்டாம். இன்றைக்கே நிறுத்தவும் வேண்டாம். இப்போது சாப்பிடும் 10 மில்லிகிராம் அப்படியே இருக்கட்டும், மருத்துவரைப் பார்க்கும் வரை. ஏன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அதில் பாதிதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

நாக்கைக் கட்டும் விஷயம் இல்லை

குறுகிய நேரத்தில், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள், மற்றவர்கள் அதே சூழலில் சாப்பிடுவதை விடத் தெளிவாக அதிகமாகச் சாப்பிடுவது; அப்போது நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு; பசியில்லாமலும் சாப்பிடுவது, வேகமாக விழுங்குவது, வெட்கத்தால் தனியே சாப்பிடுவது, முடிந்ததும் தன் மேலேயே அருவருப்பு. இது வாரம் ஒரு தடவையாவது மூன்று மாதம் நீடித்தால் பிஞ்ச் ஈட்டிங் கோளாறு என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1994-இல் இது ஆய்வுக்குரிய ஒன்றாகப் பின்னிணைப்பில் இருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் முழு நோயாக இடம் பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலிலும் உண்டு. நாத்தனாரிடம் இதையெல்லாம் சொல்லி வாதாட வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தின்றதை ஈடுகட்ட வாந்தி, பேதி மாத்திரை, முழு நாள் பட்டினி என்று வாரந்தோறும் ஏதாவது செய்தால் நோயின் பெயர் மாறிவிடும், புலிமியா ஆகிவிடும். வாந்தியும் பேதியும் உங்களுக்கு அரிதுதான். ஆனால் வெள்ளிக்கிழமைப் பட்டினி வாராவாரம் நடக்கிறது. பிஞ்ச் ஈட்டிங்கா, புலிமியாவா என்பதைக் கடிதத்தை வைத்து நான் முடிவு செய்ய முடியாது. நேரில் கேட்டால்தான் தெரியும். பெயர் எதுவானாலும் மருத்துவரிடம் வாந்தியையும் பேதி மாத்திரையையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மருந்து பாதுகாப்பானது என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.

அந்த 91 சதவீதம் எங்கிருந்து வந்தது

ட்ரைசைக்ளிக் என்றால் மூன்று வளையம் என்று பொருள். மூலக்கூறின் வடிவத்தை வைத்து வந்த பெயர். இமிப்ரமினுக்கு மனச்சோர்வைக் குறைக்கும் தன்மை உண்டு என்பதை 1957-இல் ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் குன் வெளியிட்டார். அமிட்ரிப்டிலின், டெசிப்ரமின், நார்ட்ரிப்டிலின் எல்லாம் அதன் உறவுகள்.

புலிமியாவை ஜெரால்ட் ரஸல் 1979-இல் தனி நோயாக விவரித்த பிறகு இந்த மாத்திரைகளை அதற்குச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 1983-இல் ஹாரிசன் போப், ஜேம்ஸ் ஹட்சன் குழுவினர் இமிப்ரமினை வெற்று மாத்திரையோடு, அதாவது மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு, ஒப்பிட்டார்கள். வெறிச்சாப்பாடு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. 1986-இல் டெசிப்ரமினை வைத்து நடந்த ஆய்வில்தான் நீங்கள் படித்த 91 சதவீதம் வருகிறது. அதில் கலந்துகொண்டவர்கள் 22 பேர். ஆய்வு ஓடியது ஆறு வாரம். அவர்கள் எல்லோரும் புலிமியா நோயாளிகள். கொடுத்த மருந்தும் அமிட்ரிப்டிலின் இல்லை.

உங்களுக்கு நெருக்கமான ஆய்வு 1990-இல் வந்தது. வாந்தி எடுக்காமல் வெறிச்சாப்பாடு மட்டும் இருந்த 23 பெண்களுக்கு 12 வாரம் டெசிப்ரமினோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். மருந்துக் குழுவில் 63 சதவீதம் குறைந்தது, வெற்று மாத்திரைக் குழுவில் 16 சதவீதம் கூடியது. நல்ல முடிவுதான். ஆனால் மாத்திரையை நிறுத்தியதும் பழைய நிலை வேகமாகத் திரும்பியது. கைபேசிக் கட்டுரைகள் பொதுவாக இந்தக் கடைசி வரியை விட்டுவிடும்.

அடுத்த ஆண்டே ஒரு பெரிய சோதனை. 80 புலிமியா நோயாளிகளுக்கு நீண்ட காலம் டெசிப்ரமின் கொடுத்துப் பார்த்தபோது சராசரிக் குறைவு 47 சதவீதம்தான். முதலில் தேறியவர்களிலும் சிலர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடி விழுந்தார்கள். 1990-இல் இமிப்ரமினையும் தீவிரக் குழுச் சிகிச்சையையும் 171 பேரிடம் ஒப்பிட்டபோது குழுச் சிகிச்சை முந்தியது. பிஞ்ச் ஈட்டிங் உள்ள நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பெண்களிடம் 1994-இல் ஓர் ஆய்வு நடந்தது. உளவியல் சிகிச்சையோடு டெசிப்ரமினைச் சேர்த்தும் வெறிச்சாப்பாடு கூடுதலாகக் குறையவில்லை, எடையில் மட்டும் சிறு நன்மை தெரிந்தது. 1999-இல் 31 பேருக்கு இமிப்ரமின் 25 மில்லிகிராம் மூன்று வேளை, எட்டு வாரம், கூடவே உணவு ஆலோசனையும் மனத்துணையும். அதில் எடையும் குறைந்தது, வெறிச்சாப்பாடும் குறைந்தது. மாத்திரை மட்டும் தனியாக வேலை செய்ததா என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மொத்தத்தில் இந்த மருந்துகளுக்கு ஒரு குறுகிய கால விளைவு உண்டு. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, முப்பது நாற்பது ஆண்டுப் பழையவை. பக்கவிளைவு குறைந்த மருந்துகள் வந்த பிறகு இந்தப் பாதையை உலகமே ஏறத்தாழக் கைவிட்டுவிட்டது.

ஒரே குடும்பம், வேறு வேறு குணம்

உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. டெசிப்ரமின் பசியை அவ்வளவாகத் தூண்டாது. அமிட்ரிப்டிலின் தூண்டும். மூளையில் விழிப்பைக் காத்துப் பசியை அடக்க உதவும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளை அது பலமாகத் தடுக்கிறது. தூக்கம் வருவதும் பசி கூடுவதும் அதனால்தான். அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறவர்களுக்கு மாவுப் பண்டத்தின் மேலும் இனிப்பின் மேலும் ஏக்கம் வருகிறது என்று 1973-இலேயே ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். 1984-இல் புலிமியா உள்ள 32 பெண்களுக்கு இதே அமிட்ரிப்டிலினை 150 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்துக் குழுவும் வெற்று மாத்திரைக் குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறின. இரு குழுவுக்கும் கொடுத்திருந்த எளிய உணவுப் பழக்கப் பயிற்சிதான் பெரும்பாலும் வேலை செய்திருக்கிறது.

உங்கள் கடிதத்தைத் தேதி வாரியாக மறுபடி படித்தேன். வெறிச்சாப்பாடு இரண்டு ஆண்டாக இருக்கிறது, ஆனால் "மாதம் ஒன்றிரண்டு" என்பது "வாரம் மூன்று நான்கு" ஆனது கடந்த ஓராண்டில். ஏழு கிலோ ஏறியதும் ஏறக்குறைய அதே காலத்தில். 10 மில்லிகிராம் சிறிய அளவுதான், முழுப் பழியையும் அதன் மேல் போட மாட்டேன். ஆனாலும் சந்தேகப்பட்டியலில் அதற்கு இடம் உண்டு. தீயில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கக்கூடிய மாத்திரையை ஏழரை மடங்காக்க நினைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் சேர்த்துப் பார்க்காத இன்னொரு கண்ணியும் உண்டு. வேளை தப்பிச் சாப்பிடுவது ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும் காரணங்களில் முக்கியமானது. பட்டினி கிடக்கிறீர்கள், தலை வலிக்கிறது. வலிக்கு மாத்திரை, மாத்திரையால் பசி. மாலையில் கை மீறிப்போகிறது, அதற்கு அபராதமாக மறுநாளும் பட்டினி. உங்கள் தலைவலிக் குறிப்பிலேயே சனிக்கிழமைகள்தான் அதிகம், கவனித்தீர்களா? வெள்ளி விரதத்தின் மறுநாள்.

கூட்டினால் என்ன ஆகும்

வாய் உலரும். உலர்ந்த வாய்க்குச் சர்க்கரை போட்ட தேநீர் இன்னும் நாலு டம்ளர் போகும், பல்லும் கெடும். மலச்சிக்கல் கூடும். நீங்கள் பேதி மாத்திரையைத் தொட்டதே மலச்சிக்கலுக்காகத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த மலச்சிக்கலே இந்த மருந்தால் வந்ததாக இருக்கலாம். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். காலையில் தலை கிறுகிறுக்கிறது என்கிறீர்களே, அது இதன் தொடக்கமாக இருக்கலாம். மலைக்குளிரில் நாம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிக்கிறோம். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரியும், மருந்தும் அதையே செய்யும், வெறும் வயிறு வேறு. குளியலறையில் விழுவது இப்படித்தான். நீர் மிதமான சூட்டில் இருக்கட்டும், உட்கார்ந்து குளியுங்கள், எழுந்ததும் சுவரைப் பிடித்து ஒரு நிமிடம் நில்லுங்கள். காலை ஏழரைக்குப் பனிமூட்டத்தில் ஸ்கூட்டி ஓட்டுகிறவர் இரவு பத்தரைக்கு மாத்திரை போடுவதும் சரியில்லை. எட்டு மணிக்கே போட்டுவிடுங்கள். சளிக்கென்று கடையில் வாங்கும் அலர்ஜி மாத்திரையை இதோடு சேர்த்தால் தூக்கம் இரட்டிப்பாகும்.

இவை தொல்லைகள். ஆபத்து இதயத்தில் இருக்கிறது. இந்த வகை மருந்துகள் இதயத்தின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும். வாந்தியும் பேதியும் உடம்பிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்த இதயத்தில் கூடுதல் அமிட்ரிப்டிலின் சேர்ந்தால் துடிப்பு தாறுமாறாகலாம். ஆய்வுகளில் 200 மில்லிகிராம் வரை போனார்கள் என்றால், ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக ஏற்றினார்கள்.

பேதி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பாட்டின் சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பேதி மாத்திரை வேலை செய்வது பெருங்குடலில். தராசில் குறையும் அரைக் கிலோ வெறும் தண்ணீர், மறுநாள் திரும்பி வந்துவிடும்.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள். அமிட்ரிப்டிலினோடு குளோர்டயஸிபாக்ஸைடு சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நம் ஊரில் நிறைய விற்கின்றன. அதுவாக இருந்தால் நீங்கள் கூட்டுவது பழக்கமாகிவிடக்கூடிய இன்னொரு மருந்தையும்தான். தனி அமிட்ரிப்டிலினுக்கு நீங்கள் பயப்படும் போதைப் பழக்கம் கிடையாது. திடீரென்று நிறுத்தினால் குமட்டல், தூக்கக்கேடு, தலைவலி வரலாம், அதனால்தான் படிப்படியாக இறக்குவது.

வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இருக்கிறது. சிறு குழந்தைக்கு இந்த மாத்திரை சிலவே உயிருக்கு ஆபத்து. சத்துமாவு டப்பாவுக்குப் பக்கத்தில், குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைக்கும் பழக்கத்தை இன்றே மாற்றுங்கள். பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள், ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வேண்டாம்.

மாலை ஆறு மணி காலை ஆறு மணிக்கே தொடங்குகிறது

உங்கள் ஒரு நாள் உணவை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஆறு மணிக்குத் தேநீர், எட்டரைக்குத் தேநீர், பதினொன்றுக்குத் தொழிற்சாலைத் தேநீர், ஒன்றரைக்கு டப்பாவில் பாதித் தயிர்சாதம், நான்கு மணிக்கு மறுபடி தேநீர். கெட்டித் தேநீர் பசியைச் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு அரை டப்பா சோறு. அதன் பிறகு வர்க்கியின் முன்னால் நிற்கும் எவருக்கும் கை நிற்காது, நாத்தனார் உட்பட.

இந்தக் கோளாறுக்கு முதல் சிகிச்சையாக உலகம் ஏற்றுக்கொண்டிருப்பது சிந்தனை–நடத்தைச் சிகிச்சை, அதாவது நோயை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சாலும் பயிற்சியாலும் மாற்றுவது. பிரிட்டனின் 2017 வழிகாட்டி நெறி, வழிகாட்டியோடு கூடிய சுயஉதவிப் பயிற்சியில் தொடங்கச் சொல்கிறது: 16 வாரத்தில் 20 நிமிடச் சந்திப்புகள் நான்கிலிருந்து ஒன்பது வரை. அது போதாவிட்டால் குழுவாக வாரம் ஒன்றரை மணி நேரம், 16 சந்திப்பு. மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள் என்றும் அதே நெறி தெளிவாகச் சொல்கிறது. எடை குறைப்பு இந்தச் சிகிச்சையின் நோக்கம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம். முதலில் வெறிச்சாப்பாடு நிற்க வேண்டும், எடையை அடுத்துப் பார்க்கலாம்.

முதல் மூன்று வாரத்துக்கு இரண்டே வேலை. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே தொடங்கலாம்.

ஒன்று, குறிப்பேடு. கலோரிக் கணக்கு வேண்டாம். நேரம், என்ன சாப்பிட்டீர்கள், எங்கே, நின்றா உட்கார்ந்தா, கட்டுப்பாடு போனதா, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. சாப்பிட்ட உடனே எழுத வேண்டும். இரவில் மொத்தமாக எழுதினால் வெட்கம் குறுக்கே வந்து பாதியை விழுங்கிவிடும்.

இரண்டு, நேரத்துக்குச் சாப்பாடு. மூன்று வேளை உணவு, இரண்டு சிறுதீனி. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது, பசித்தாலும் பசிக்காவிட்டாலும். உங்கள் நாளுக்கு இப்படி வரும்: ஏழு மணிக்கு மூன்று இட்லியோ, ஒரு பெரிய டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியும் அவித்த முட்டையுமோ. பதினொன்றுக்குத் தேநீரோடு ஒரு கைப்பிடி சுண்டலோ வேர்க்கடலையோ. ஒன்றரைக்கு டப்பா முழுக்கச் சோறு, அவரைக் குழம்பு, ஒரு காய், பிறகு தயிர். நான்கரைக்கு, அலுவலகத்தை விட்டுக் கிளம்புமுன், வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட்டும். எட்டரைக்கு இரவு உணவு. இந்த நான்கரை மணித் தீனிதான் மிக முக்கியம், மிக எளிதில் விட்டுப்போவதும் அதுதான். மேசை இழுப்பறையில் வைத்துவிடுங்கள்.

எங்கே சறுக்கும் என்பதும் தெரியும். முதல் நாள் வெறிச்சாப்பாடு நடந்த மறுநாள் காலை இட்லி தொண்டையில் இறங்காது. "நேற்றுத் தின்றது போதாதா" என்று தோன்றும். அன்றைக்குத்தான் அந்த இட்லி தேவை. முழுவதும் முடியாவிட்டால் இரண்டு போதும், வேளையைத் தப்ப விடாதீர்கள். தராசில் தினமும் ஏறுவதும் கெடுக்கும். வாரம் ஒரு நாள் மட்டும் ஏறுங்கள். முதல் இரண்டு வாரத்தில் அரைக் கிலோ, ஒரு கிலோ கூடினால் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

வர்க்கியை வீட்டை விட்டே விரட்ட வேண்டாம். விலக்கி வைத்த பண்டத்துக்குத்தான் ஏக்கம் அதிகம். கால் கிலோப் பொட்டலம் வாங்காமல், நாலு பேருக்கு நாலு என்று எண்ணி வாங்கி, குழந்தைகள் வந்த பிறகு விளக்கைப் போட்டுத் தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஐந்தே முக்காலிலிருந்து ஏழு வரையிலான தனிமைதான் ஆபத்தான நேரம். அந்த நேரத்தில் ஒரு நாள் குழந்தைகளை அழைத்துவர நடந்து போங்கள், ஒரு நாள் கணவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

விரதத்தை என்ன செய்வது? நோயாளிக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் அறிந்தது. தேறும் வரை வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதும் கோயிலுக்குப் போவதும் இருக்கட்டும், பட்டினி மட்டும் வேண்டாம். மாமியாரிடம் "தலைவலிக்கு டாக்டர் வெறும் வயிறு கூடாது என்கிறார்" என்று சொல்லுங்கள். அது முழு உண்மையும்கூட.

மருத்துவரிடம் எதைக் கேட்பது

மாத்திரை எழுதித்தந்த மருத்துவரிடமே முதலில் போகலாம். ஈசிஜி, பொட்டாசியம் உள்ளிட்ட உப்புகள், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மனநல மருத்துவர். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நாள் விடுப்பில் போய்வரலாம். அதற்கும் முன்னால் யாரிடமாவது பேசித் தெளிய வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

மருந்து வேண்டியிருந்தால் அவர் முன்னால் உள்ள வழிகள் இவை. அமிட்ரிப்டிலினை இறக்கி, தலைவலித் தடுப்புக்கு வேறு மருந்து கொடுப்பது ஒன்று. ப்ரோப்ரனலால் அதில் ஒரு வழி, ஆனால் ஆஸ்துமா இருந்தால் கூடாது. டோபிரமேட் என்ற மருந்து ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதோடு வெறிச்சாப்பாட்டையும் எடையையும் குறைப்பதாக 2003-இலிருந்து ஆய்வுகள் உண்டு. ஒரே மாத்திரையில் இரண்டும் என்பதால் உங்கள் விஷயத்தில் கேட்டுப் பார்க்கத் தகுந்தது. ஆனால் கர்ப்பத்தில் குழந்தைக்குக் குறை உண்டாக்கும், ஆகவே கருத்தடை உறுதியாக இருக்க வேண்டும். விரல் மரமரப்பு, பேச்சில் வார்த்தை சட்டென்று வராமல் தடுமாறுவது, சிறுநீரகக் கல், மனச்சோர்வு ஆகியவையும் வரலாம். கணக்கு வேலை பார்ப்பவர் அந்தத் தடுமாற்றத்தை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

புலிமியா என்று முடிவானால் ஃப்ளூஆக்ஸெடின் பொருத்தமானது. 387 பேரிடம் நடந்து 1992-இல் வெளிவந்த ஆய்வில் 60 மில்லிகிராம்தான் தெளிவாகப் பலன் தந்தது, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் 20 போதவில்லை. ஆனால் ஃப்ளூஆக்ஸெடின், கல்லீரலில் அமிட்ரிப்டிலின் சிதைவதைத் தடுத்து அதன் அளவை ரத்தத்தில் வெகுவாக ஏற்றிவிடும். யாராவது புதிதாக அதை எழுதினால் "ஏற்கெனவே இது சாப்பிடுகிறேன்" என்று அட்டையை நீட்டுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் புப்ரோபியான் புலிமியா உள்ளவர்களுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும் என்பதால் கூடாது. அமெரிக்காவில் 2015-இல் பிஞ்ச் ஈட்டிங்குக்கு அனுமதி பெற்ற லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் ஊக்க மருந்து வகை, பழக்கமாகும் அபாயம் உள்ளது. அதைத் தேடி இணையத்தில் அலைய வேண்டாம்.

தொழிற்சாலைக்குத் தெரியுமா

மருத்துவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் தவிர, உங்கள் சம்மதமின்றி முதலாளிக்குத் தகவல் போக முடியாது. விடுப்புக்குச் சான்று வேண்டுமானால் "சிகிச்சையில் இருக்கிறார்" என்று மட்டும் எழுதித்தரக் கேளுங்கள். அதே சட்டம், உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு இருக்க வேண்டும் என்கிறது. சிறிய ஊரில் மருத்துவமனை வாசலில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற பயத்துக்குச் சட்டத்தில் மருந்தில்லை. முதல் முறை நேரில் போய்விட்டு, தொடர் சந்திப்புகளில் சிலவற்றைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

நெஞ்சு படபடப்பு அடங்காமல் நீடித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ, சிறுநீர் பிரியாமல் போனாலோ, கண் சிவந்து வலித்துப் பார்வை மங்கினாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, கையில் மாத்திரை அட்டையோடு கிளம்புங்கள். பெரிய இதயச் சிகிச்சைக்குக் கீழே இறங்க வேண்டியிருக்கலாம். மலைப்பாதையில் மண் சரிந்தால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை மாத்திரையை வாயில் போட்டது தெரிந்தால், நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் "சில ராத்திரி எல்லா மாத்திரையையும் ஒரேயடியாகப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றும், சும்மாதான்" என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் சும்மா என்று எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரை அலமாரியின் சாவி இன்றிரவு மாமியாரிடம் போகட்டும், ஒவ்வோர் இரவும் ஒரு மாத்திரையை அவர் எடுத்துத் தரட்டும். கணவரிடம் சனிக்கிழமை வரை காத்திராமல் இன்றே அந்த வரியைச் சொல்லுங்கள். எண்ணம் மறுபடி வந்தால் எந்த நேரமானாலும் 14416. மனநல மருத்துவரிடம் உட்கார்ந்ததும் பசியையும் எடையையும் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் இதைப் பேசுங்கள்.